குறுக்கே வைக்கும் பட்டை

ஜனவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கு நானும் அப்பாவும் சுகம். அப்பாவின் முழங்கால் வலி வலது காலிலிருந்து இடது காலுக்கு மாறியிருக்கிறது. டாக்டர் அதை முன்னேற்றம் என்கிறார். நீயும் வீட்டில் அவளும் எப்படி இருக்கிறீர்கள்? எட்டு மணி நேரம் காதுக்குள் ஆட்கள் பேசிவிட்டுப் போனபிறகு போன் மணி கேட்டாலே வெறுப்பாக இருக்கிறது என்று நீ சொன்னதிலிருந்து நான் போன் செய்வதில்லை. கடிதமாவது ஒழுங்காகப் போடு.

ஒரு செய்தி. பதினெட்டு வருடமாக நாடாளுமன்றச் செயலகத்தின் வரைவுப் பிரிவில் உட்கார்ந்து கொதிகலன் பரிசோதனை, எடைக்கல் முத்திரை, கால்நடைக் கணக்கெடுப்பு என்று எழுதிக்கொண்டிருந்த எனக்கு, முதல்முறையாக எனக்குத் தெரிந்த மனிதன் ஒருவன் சம்பந்தப்பட்ட சட்டம் வந்திருக்கிறது. 'வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் பயிற்சி மற்றும் ஆள்சேர்ப்பு விரிவாக்க மசோதா.' பெயரைப் படித்து முடிப்பதற்குள் ஒரு விமானம் இறங்கிவிடும். அறுநூறு பேரைப் புதிதாக எடுப்பது, இரண்டு பயிற்சிப் பள்ளி திறப்பது, வாரத்துக்கு ஆறு நாள் வேலையை ஐந்தாகக் குறைப்பது. மசோதாவை ஆராயும் குழுவின் தலைவருக்கு இதில் உண்மையாகவே அக்கறை இருக்கிறது. அது பழக்கமில்லாததால் செயலகமே கொஞ்சம் கலங்கிப்போயிருக்கிறது.

அப்பாவிடம் சொன்னேன். "மொதல்ல அவன் ஏரோப்ளேன் ஓட்டுறானா இல்லையா, அதச் சொல்லு" என்றார். ஓட்டவில்லை, ஓட்டுகிறவர்களுக்கு வழி சொல்கிறான் என்றேன். "அப்ப கண்டக்டர்" என்று பேப்பரைப் பிரித்துக்கொண்டார். பதினான்கு வருடமாக இதே கேள்வி, இதே பதில்.

எனக்கு நீ மூன்று விஷயம் எழுத வேண்டும். புதுப் பள்ளிக்கு ஆசிரியர்களை எங்கிருந்து எடுப்பது? விசாரணையில் ஒருவர்மேல் குற்றம் முடிவானால், மறுவிசாரணை கேட்கப் பழைய விதியில் தொண்ணூறு நாள் இருக்கிறது, போதுமா? கடைசியாக, வெளியாட்களுக்குத் தெரியாத, சட்டம் காப்பாற்ற வேண்டிய வழக்கம் ஏதாவது உங்கள் வேலையில் உண்டா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜனவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் இருவரும் நலம். அவளுக்கு என்மேல் ஒரு குறை. வீட்டிலும் நான் எதையாவது சொல்லிவிட்டு, அவள் அதைத் திருப்பிச் சொல்லும்வரை காத்திருக்கிறேனாம். விமானியிடம் நாங்கள் சொல்வதை அவர் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும்; அதே பழக்கம். நேற்று "கதவச் சாத்து" என்று சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். "கதவச் சாத்துறேன். சாத்திட்டேன். அடுத்து எந்தப் பக்கம் திரும்பணும்?" என்றாள்.

எங்கள் விமான நிலைய டவரில் முப்பத்தொரு பேர் இருக்க வேண்டும். பதினேழு பேர் இருக்கிறோம். என்னோடு ஒரே ஷிப்டில் இருப்பவருக்கு நாங்கள் வைத்த பெயர் கொட்டாவி. அவர் விடும் கொட்டாவியை விமானிகள் ரேடியோவிலேயே அடையாளம் கண்டு வணக்கம் சொல்கிறார்கள்.

ஆசிரியர்களை டவரிலிருந்து மட்டும் பிடுங்கிவிடாதே. ஒருவரை எடுத்தால் மிச்சமிருப்பவர்கள் ஏழாவது நாளும் வர வேண்டியிருக்கும். பணியில் இருப்பவரைத் தொடக் கூடாது என்று எழுதிவிடு.

தொண்ணூறு நாள் தாராளம். தான் தப்புச் செய்யவில்லை என்று கண்டுபிடிக்க ஒருவனுக்கு அதற்குமேல் தேவைப்பட்டால், அவன் செய்திருப்பான்.

வழக்கம் ஒன்று உண்டு. நாற்காலியில் இருப்பவர் எழுந்துகொள்ளும்போது எந்த விமானம் எங்கே என்று வரிசையாகச் சொல்வார். வருகிறவர் உட்கார்ந்து "எடுத்துக்கொண்டேன்" என்பார். ஆனால் எழுந்தவர் உடனே போய்விடக் கூடாது. நாற்காலிக்குப் பின்னால் இரண்டு நிமிடம் நிற்க வேண்டும். சொல்ல மறந்தது எதுவாக இருந்தாலும் அந்த இரண்டு நிமிடத்தில் கண்ணில் படும். இது எந்த விதியிலும் இல்லை. ஆள் இல்லாத இடத்தில் முதலில் காணாமல் போவதும் இதுதான்.

அப்பாவின் இரண்டு முழங்காலையும் விசாரித்ததாகச் சொல்.

தம்பி


பிப்ரவரி 2

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு எல்லோரும் நலம். நீ எழுதியதை அப்படியே வரைவில் சேர்த்தேன். 'பணியில் உள்ள எவரையும் பயிற்றுநராக நியமிக்கலாகாது' என்பது ஒன்பதாவது பிரிவு. தொண்ணூறு நாள், பதினான்காவது பிரிவு. பதினேழாவது பிரிவில் உன் இரண்டு நிமிடத்தையும் வைத்தேன். குழு அதை அடித்துவிட்டது. "சும்மா நிக்கறதுக்கு ஒரு சட்டமா?" என்று ஓர் உறுப்பினர் கேட்டார். அவர் அவையில் ஒன்பது வருடமாகச் சும்மா உட்கார்ந்திருப்பவர். நிற்பது அவருக்கு மிகையாகப் பட்டிருக்கலாம்.

முக்கியமான சேதி: நான் எழுதிவைத்ததைப் படித்துவிட்டுத் தலைவர், "நேர்ல பாக்காம சட்டம் போடக் கூடாதும்மா" என்றார். இந்த மாதம் பதினொன்றாம் தேதி குழு உங்கள் டவருக்கு வருகிறது. நீ அன்று வேலையில் இருப்பாய் அல்லவா? கேட்டால் மழுப்பாதே. ஆறாவது நாள் எப்படி இருக்கும் என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொல். கொட்டாவியை வாயைப் பொத்தாமல் இருக்கச் சொல்.

அக்கா


பிப்ரவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். குழு வந்தது. ஒன்பது பேர். டீ கொடுத்தோம். படம் எடுத்தார்கள். தலைவர் எங்கள் பலகைக்குக் கிட்டவே வந்து நின்று பார்த்தார்.

இங்கே வெயில் அதிகம்.

தம்பி


பிப்ரவரி 22

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். தந்தி கொடுப்பவன்கூட உன்னைவிட நாலு வார்த்தை அதிகமாக எழுதுவான். என்னடா ஆயிற்று உனக்கு?

தலைவருக்குப் பயணம் பரம திருப்தி. பத்து நாளாக அதே பேச்சு. வந்ததும் வராததுமாகச் சட்டைப்பையிலிருந்து ஒரு பட்டையை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். சிவப்புப் பிளாஸ்டிக், ஒரு சாண் நீளம், பின்பக்கம் 2 என்று பொறித்திருக்கிறது. "உங்க தம்பி டவர்ல பலகை மேல கெடந்துச்சும்மா. என்னன்னு பாக்க எடுத்தேன், போட்டோக்குக் கூப்டாங்க, அப்படியே கையோட வந்துடுச்சு. கோப்புக்கு அடையாளமா வெச்சுக்கோங்க" என்றார். இப்போது மசோதாவின் ஒன்பதாவது பிரிவில் அதுதான் இருக்கிறது. பக்கம் மூடாமல் நன்றாகப் பிடித்துக்கொள்கிறது. அது என்ன? உங்களுக்குத் தேவையென்றால் அனுப்புகிறேன்.

அப்பாவுக்கு இப்போது இரண்டு காலும் வலிக்கிறது. டாக்டர் அதைச் சமநிலை என்கிறார்.

அக்கா


மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

அவள் நலம். நானும் நலம் என்றுதான் எழுத வேண்டும். ஜுரம், இருமல் ஒன்றும் இல்லை.

பிப்ரவரியில் நீ போட்ட கடிதம் வந்தது. இன்னும் பிரிக்கவில்லை. கோபம் எதுவும் இல்லை. அப்போதிருந்து எதையும் பிரிக்கவில்லை, அவ்வளவுதான்.

குழு வந்த அன்று காலை பதினொன்றே முக்காலுக்கு ஒன்று நடந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு சாய்வுப் பலகை உண்டு. ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு காகிதப் பட்டை. ஓடுபாதையில் வண்டியோ ஆளோ போனால், பலகைக்குக் குறுக்கே காலியான ஒரு சிவப்புப் பட்டையை வைப்போம். அது கிடக்கும்வரை யாரையும் இறங்கச் சொல்லக் கூடாது. ஞாபகத்தை நம்ப வேண்டாம், பலகையை நம்பு என்பதுதான் எங்கள் வேலையின் அரிச்சுவடி.

அன்று எனக்கு ஆறாவது நாள். கொட்டாவியிடமிருந்து எடுத்துக்கொண்டேன். அவர் பின்னால் நிற்கவில்லை, போட்டோவுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். ஓடுபாதையில் கல், ஆணி கிடக்கிறதா என்று பார்க்கிற ஜீப் உள்ளே வரட்டுமா என்று கேட்டது. வரச் சொன்னேன். என்னைச் சுற்றி ஒன்பது பேர் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு விமானம் கூப்பிட்டது. பலகையைப் பார்த்தேன். குறுக்கே ஒன்றும் இல்லை. இறங்கச் சொன்னேன்.

விமானிக்குக் கண் நன்றாகத் தெரிந்தது. மேலே தூக்கிவிட்டார். சக்கரத்துக்கும் ஜீப்புக்கும் நடுவே இருநூறு அடி என்கிறார்கள். நூற்று நாற்பத்திரண்டு பயணிகளுக்கும் 'சிறு தாமதம்' என்று அறிவித்தாராம். ஜீப்காரர் மறுநாள் என்னைத் தேடி வந்தார். "அண்ணே, இனிமே நீங்க வாங்கன்னு சொன்னாலும் நான் ரெண்டு தடவ கேட்டுக்கறேன், தப்பா நெனைக்காதீங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

விசாரணை முடிவு மார்ச் 25 அன்று வந்தது. சிவப்புப் பட்டையை வைக்க மறந்தது என் குற்றம். வைத்த மாதிரி எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் ஒரு நாளைக்கு இருபது தடவை வைக்கிறோம். எனக்கு ஞாபகம் இருப்பது அன்றைய கையா, முந்தின நாள் கையா என்று கேட்டார்கள். தெரியவில்லை என்றேன். அதை எழுதிக்கொண்டார்கள். நான்கு சிவப்புப் பட்டை இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இருந்தது. நான்காவது எப்போதோ தொலைந்திருக்கும் என்கிறது அறிக்கை. அன்று எடுத்த படத்தை வாங்கிப் பார்த்தார்கள். அதில் பலகை தெரியவில்லை. ஒன்பது பேர் அதை மறைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள்.

இனி மைக்கின் முன் நான் உட்காரக் கூடாது. கிடங்கில் பழைய ஹெட்போன்களைச் சோதிக்கிறேன். ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று சொன்னால் என் குரல் எனக்கே கேட்கிறது. கேட்டால் நல்லது, கேட்காவிட்டால் குப்பை.

வருத்தமா என்று அவள் கேட்கிறாள். கால் மரத்துப்போனால் தரையில் தட்டிப் பார்ப்போமே, அப்படித் தட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

அப்பாவிடம் சொல்ல வேண்டாம்.

தம்பி


ஏப்ரல் 12

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா நலம். அவரிடம் சொல்லவில்லை. உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அதுவே பெரிது. சாப்பிடு. தூக்கம் வராவிட்டாலும் படுத்திரு. அவளிடம் பேசு. தினமும் கொஞ்சம் நட.

மசோதா ஏப்ரல் 28 அன்று வாக்கெடுப்புக்கு வருகிறது. எதிர்ப்பு நிறைய இருக்கிறது. பாதிப் பேர் செலவு என்கிறார்கள், மீதிப் பேர் படிக்கவில்லை. தலைவர் ஒருவர்தான் தோளில் தூக்கிக்கொண்டு நிற்கிறார். அவர்மேல் ஒரு சின்னக் கறை விழுந்தாலும் மசோதா அன்றைக்கே கீழே விழும். உங்கள் ஊரில் நடந்ததைப் 'பெயர் குறிப்பிடாத சம்பவம்' என்று குழு அறிக்கையில் சேர்த்திருக்கிறார்கள். அதனால் மசோதாவுக்கு வலு கூடியிருக்கிறதாம். அறுநூறு பேர், தம்பி. உன் டவருக்கு மட்டும் பதினான்கு பேர். ஐந்து நாள் வேலை. இந்த ஒன்று நிறைவேறிவிட்டால் மற்றதையெல்லாம் பார்த்துக்கொள்ளலாம். கொஞ்ச நாள் பொறு.

பிப்ரவரியில் நான் போட்ட கடிதத்தில் விசேஷம் ஒன்றும் இல்லை. பிரிக்காவிட்டாலும் பாதகமில்லை. அப்பாவின் முழங்கால் சமாசாரம்தான்.

அக்கா


மே 3

அன்புள்ள அக்காவுக்கு,

இருவரும் நலம். இங்கே மழை வரும்போல் இருந்தது, வரவில்லை.

இருபத்தெட்டாம் தேதி வாக்கெடுப்பு நடக்கவில்லை என்று பேப்பரில் பார்த்தேன். அடுத்த தேதி எப்போது? அது முடிந்தால் உனக்கு வேலை கொஞ்சம் குறையுமா?

எனக்கு இன்று முப்பத்தொன்பதாவது நாள். முன்னூற்றுப் பத்து ஹெட்போன் முடிந்தது. நூற்றுக்கு மேல் நல்ல நிலையில் இருக்கிறது. அதை மாட்டிக்கொள்ள ஆள்தான் இல்லை.

உன் பழைய கடிதம் மேஜைமேல்தான் இருக்கிறது.

தம்பி


ஜூன் 9

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? உண்மையைக் கேட்கிறேன்.

அவை இரண்டு முறை ஒத்திவைக்கப்பட்டது. முதல் தடவை, யார் எந்த வரிசையில் உட்காருவது என்று தகராறு. இரண்டாம் தடவை மைக் வேலை செய்யவில்லை. மைக் இல்லாமலே எல்லோருக்கும் எல்லாம் கேட்டது என்றாலும், விதிப்படி அது பேச்சாகாதாம். நீ சோதித்துவைத்ததில் இரண்டை அனுப்பியிருந்தால் நாடு முன்னேறியிருக்கும்.

ஜூன் 19 உறுதி என்கிறார் தலைவர். பத்தே நாள். நானும் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நேற்று அப்பா, "அவன் கிட்டேருந்து லெட்டரே காணோமே, எங்கயாவது எறங்காம சுத்திக்கிட்டு இருக்கானா?" என்றார். என்னிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் கேள், தம்பி.

அக்கா


ஜூலை 2

அன்புள்ள தம்பிக்கு,

என் முந்தைய கடிதத்துக்குப் பதில் இல்லை. நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பத்தொன்பதாம் தேதியும் நடக்கவில்லை. மசோதா ஜூன் 30 அன்று குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. நான்கு நிமிடம். தலைவர் அழுதார். எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தார்கள். நானும் ஒன்று எடுத்துக்கொண்டேன்.

இத்துடன் ஒரு பொருள் அனுப்புகிறேன். அது என்ன என்று பிப்ரவரியில் உன்னைக் கேட்டிருந்தேன். மார்ச்சில் நீ எழுதிய கடிதத்தைப் படித்தபோது அது என் முன்னால்தான், கோப்புக்குள் இருந்தது. வெளியே எடுத்துப் பார்த்தேன். மறுபடி உள்ளே வைத்தேன்.

தலைவர் எடுத்துக்கொண்டு வந்தது அது. நீ வைத்திருந்தாய். உன் கைதான், அன்றைய கைதான்.

வாக்கெடுப்பு முடிந்த மறுநாள் அனுப்பிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். மறுநாள் வரவே இல்லை. மார்ச் 25-லிருந்து இன்று தொண்ணூற்றொன்பதாவது நாள். மறுவிசாரணைக்குத் தொண்ணூறு நாள் என்று பதினான்காவது பிரிவை எழுதியவளே நான்தான். தாமதத்தை மன்னிக்கலாம் என்று அதில் ஒரு வரி சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. நன்றாக எழுதப்பட்ட பிரிவு என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

இதை என்ன வேண்டுமானாலும் செய். என் பெயரைச் சொல்ல வேண்டியிருந்தால் சொல்.

அக்கா


அக்டோபர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அவளும் நலம். நீயும் அப்பாவும் நலமா? மூன்று மாதமாகப் பதில் எழுதாததற்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை.

எனக்கு வேலை மாறியிருக்கிறது. புதுப் பயிற்சிப் பள்ளி ஒன்றை இங்கேயே, பழைய சரக்குக் கொட்டகையில் திறந்துவிட்டார்கள். ஒன்பதாவது பிரிவின்படி ஆசிரியருக்குப் பத்து வருட அனுபவம் வேண்டும், ஆனால் அவர் மைக் முன்னால் பணியில் இருக்கக் கூடாது. ஓய்வு பெற்றவர்கள் யாரும் திரும்பி வர மறுத்துவிட்டார்கள். தேடிப் பார்த்ததில் நாடு முழுவதும் தகுதி உள்ளவர்கள் நான்கே பேர். நான்கு பேரும் ஏதாவது ஒரு விசாரணையில் தோற்றவர்கள். விமானத்தை ஒப்படைக்க முடியாதவர்களிடம் விமானத்தை ஒப்படைக்கப் போகிறவர்களை ஒப்படைத்திருக்கிறார்கள். உன் வரைவில் பிழை எதுவும் இல்லை. நான் சொன்னபடியே எழுதியிருக்கிறாய்.

நாற்பது மாணவர்கள். பாடநூலில் ஏழாவது பாடம் 'மறதி: ஒரு நிகழ்வு'. நூற்று நாற்பத்திரண்டு பயணிகள், ஒரு ஜீப், வைக்கப்படாத ஒரு சிவப்புப் பட்டை. பெயர் போடவில்லை. போன வாரம் நடத்தினேன். "சார், அந்த ஆளு இப்ப என்ன பண்றாரு?" என்று ஒரு பெண் கேட்டாள். "வேற வேலைல இருக்காரு" என்றேன். "நல்லவேள" என்றாள். வகுப்பே சிரித்தது.

ஏப்ரலில் உன் கடிதம் வந்த அன்றைக்கே பழைய கடிதத்தைப் பிரித்துவிட்டேன். பதினெட்டு வருடம் சட்டம் எழுதியவள், 'பிரிக்காவிட்டாலும் பாதகமில்லை' என்று எழுதியிருக்கக் கூடாது. உன் கையெழுத்து, தேதி, பின்பக்கத்து எண், எல்லாம் அதில் இருந்தது. அந்த ஒரு தாள் போதும். கொண்டுபோய்க் கொடுத்தால் முதலில் உன்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று தெரிந்தது. நீ கேட்பாய் என்று இருந்தேன். நான் கேட்பேன் என்று நீ இருந்திருப்பாய். அதற்குள் தொண்ணூறு முடிந்தது. முடிந்த அன்று முழுவதும் ஹெட்போன் சோதித்தேன். முப்பத்திரண்டு.

கோபம் இருக்கிறதா என்று மறுபடி தட்டிப் பார்த்தேன். கால் இன்னும் மரத்துதான் இருக்கிறது. நடக்க முடிகிறது.

டவருக்குப் பதினான்கு பேர் வர இன்னும் இரண்டு வருடம் ஆகும். கொட்டாவி இப்போது ஏழாவது நாளும் வருகிறார்.

அப்பாவிடம் சொல்: நான் ஏரோப்ளேன் ஓட்டவில்லை, ஓட்டுகிறவர்களுக்கு வழியும் சொல்வதில்லை, வழி சொல்லப் போகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். "அப்ப செக்கிங் இன்ஸ்பெக்டர்" என்பார். ஆமாம் என்று சொல்லிவிடு.

நீ அனுப்பிய பட்டையை வகுப்பில் இருக்கும் பயிற்சிப் பலகையில் வைத்திருக்கிறேன். நாற்பது பேரும் தினமும் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மைக்கைத் தொட வேண்டும். அடித்துவிட்ட பதினேழாவது பிரிவையும் நடத்துகிறேன். எழுந்தவன் உடனே போகக் கூடாது.

நீ கொடுத்ததை எடுத்துக்கொண்டேன், அக்கா. இரண்டு நிமிடம் பின்னால் நின்றுவிட்டுப் போ.

தம்பி